வெப்பாலைக் கரை வைத்த வில்

கயிற்றுக் கட்டிலின் ஒரு பக்கம் மரத்துண்டுகள் கிடந்தன. மறுபக்கம் பட்டுச் சேலைகள் கிடந்தன. நடுவில் என் அத்தை நின்றுகொண்டு, ஒரு மரத்துண்டை எடுத்து ஒரு சேலைமேல் வைப்பதும், தலையைச் சாய்த்துப் பார்ப்பதும், உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த துண்டை எடுப்பதுமாக இருந்தார்.

வாசலில் கை கட்டி நின்ற நாச்சிமுத்து ஆசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பேக்டரி ஒன்று அப்பாவுக்கு இருந்தது. அங்கே மரவேலை முழுவதும் ஆசாரிதான். வில் ஒன்று செய்ய வேண்டும், மாதிரிக்கு மரம் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஏழு வகை கொண்டுவந்திருந்தார். சேலையோடு ஜோடி சேர்த்துப் பார்ப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"ஏனுங்க ஆசாரி, இந்த அரக்குக்கு எந்தக் கரை எடுப்பா இருக்கும்?" என்றார் அத்தை.

"அது அரக்கு இல்லீங்க. ஈட்டி மரமுங்க."

"நான் நெறத்தைக் கேட்டனுங்க. பேரையா கேட்டேன்?"

சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலும் கரையும் ஒரே நிறத்தில் இருந்தால் அது நெய்தவனின் சோம்பேறித்தனம் என்பது அத்தையின் கட்சி. மரத்துக்கும் அதே சட்டம்தான். சட்டத்தை மீறிப் பிறந்த மரங்கள் என்ன செய்யும் பாவம், ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

முப்பதுகளில் நடந்தது இது. வருஷம் கேட்காதீர்கள். கோயம்புத்தூருக்குச் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வெளியூர் விருந்தாளிக்குக் காப்பிக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

வீட்டுக்கு வில் வந்த வழி

சென்ற வாரம் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியபோது, 'நான் அம்பு விட்டுக்கொண்டிருந்த நாட்களில்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். எத்தனை பறவைகளைக் கொன்றீர்கள் என்று திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கோபமாகக் கேட்டிருக்கிறார். ஐயா, ஒன்றுகூட இல்லை. நான் குத்திக் கிழித்ததெல்லாம் வைக்கோல் திண்டைத்தான்.

எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்கார மிஸ் இருந்தார். பெண்களும் விளையாட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஓட்டம் என்றதும், கால் தெரியும் என்று பெற்றோர் வந்துவிட்டார்கள். பந்து என்றதும், குதிக்க வேண்டியிருக்கும் என்று அதே பெற்றோர் திரும்ப வந்தார்கள். கடைசியில் மிஸ் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த வில்லை எடுத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற இடத்தில் நின்றே விளையாடலாம். இதில் குறை கண்டுபிடிக்கப் பெற்றோருக்குத் தெரியவில்லை.

மிஸ்ஸின் வில் ஆளுயரம் இருக்கும். வெளிப்பக்கம் வெளுப்பு, உள்பக்கம் சிவப்பு. இரண்டும் ஒரே மரத்தில் அமைந்தவை என்றார். வில்லை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். இழுபடுவதைத் தாங்காத மரத்தை வெளியே வைத்தால் வில் போச்சு. இதைத் தன் தமிழில் அவர் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது.

தற்பெருமை என்று நினைத்தாலும் சரி, நான் நன்றாக விடுவேன். எட்டுப் பெண்களுக்கு ஒரே வில் என்பதால் என் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிடும். சொந்தமாக ஒரு வில் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஆகட்டும் கண்ணு," என்றார்.

அப்பா எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். 'முடியாது' என்ற சொல் எங்கள் பக்கத்திலும் உண்டு. எடுத்துச் சொல்லத்தான் ஆள் கிடையாது. மரம் எது என்று பார்க்கச் சொல்லி ஆசாரியிடம் சொன்னார். நிறம் எது என்று பார்க்கச் சொல்லித் தன் அக்காவிடம், அதாவது என் அத்தையிடம், சொன்னார். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை என்பதை இருவரிடமும் சொல்லவில்லை.

தடசு

ஆசாரியின் கட்சி தடசு. மலையடிவாரத்தில் கிடைக்கும் மரம். வண்டிக்கு ஏர்க்காலாகப் போடுவார்கள். அந்தத் துண்டை அவர் முழங்காலில் வைத்து வளைத்துக் காட்டினார். வளைந்தது. விட்டார். ஒன்றும் நடக்காததுபோல நேராகிவிட்டது.

"இதுதானுங்க வில்லு மரம். பத்து வருசத்துக்குக் கேள்வியே வேண்டாமுங்க."

அத்தை அதைச் சேலைமேல் வைத்துப் பார்த்தார்.

"காஞ்ச வரட்டி நெறமாட்ட இருக்குதுங்களே."

"நெறம் அப்படித்தானுங்க. ஆனா வளைஞ்சா நேரா வந்துருமுங்க."

"வளையறது எத்தனை பேருக்குக் கண்ணுல படப்போகுது? நெறந்தானுங்க படும்."

தேக்கு வந்தது, கதவு நிலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா என்று போனது. கருவேலம் வந்தது, கலப்பை என்று போனது. பலாவின் மஞ்சள் அத்தைக்குப் பிடித்திருந்தது. அது வீணைக்குத்தான் ஆகும் என்று ஆசாரி மறுத்தார். வேங்கையும் தோற்றது. ஈட்டி மட்டும், கறுப்பும் சிவப்பும் கலந்த அதன் நிறத்துக்காக, கட்டிலின்மேல் தங்கியது.

கடைசியாக வெப்பாலை. தந்தம்போல வெள்ளை வெளேரென்று இருக்கும். குழந்தைகளுக்குச் சொப்பும் கிலுகிலுப்பையும் கடைவார்கள். அத்தை அதை ஈட்டியோடு ஒட்டிப் பிடித்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"இது கரை. ஈட்டி உடலு. வெள்ளைக் கரை வேண்டாம், மஞ்சளை அரைச்சுத் தேச்சுப்போட்டா மாம்பழக் கரை ஆயிரும்."

"அழகு மரமுங்க," என்றார் ஆசாரி. "ஆனா இழுத்தாப் பல்லைக் காட்டிப்போடுமுங்க."

நான் ஆசாரியின் பக்கம். வில்லை இழுக்கப் போவது நான். தடசே இருக்கட்டும் என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். தினமும் ஆசாரி வருவார், காப்பி குடிப்பார், முடிவு தெரியாமல் பேக்டரிக்குத் திரும்பிப் போவார். அந்த வாரம் பேக்டரியில் மரவேலை எப்படி நடந்ததோ தெரியாது.

அத்தையின் பெட்டி

கட்டிலில் கிடந்த சேலைகளெல்லாம் அத்தையுடையவை. அவற்றில் ஒன்றையும் அவர் கட்ட முடியாது. பத்தொன்பது வயதில் கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான்.

அக்கம்பக்கத்தில் நிறம் என்றால் அத்தையைத்தான் கேட்பார்கள். கல்யாண ஜவுளி எடுத்தால் மூட்டையை முதலில் எங்கள் வீட்டில்தான் பிரிப்பார்கள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு எந்த வண்ணம் பூசுவது என்று கேட்டுக்கொண்டு ஒருவர் காங்கேயம் காளையையே வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். சாம்பல் வெளுப்பான மயிலைக் காளைக்கு நீலம், நுனியில் மட்டும் சிவப்பு என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். ஆனால் அவர் நிறம் பார்த்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு பெண் மணையில் உட்காரும்போது, அத்தை கொல்லையில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். முன்னால் வரக்கூடாது.

அப்போது இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. என் வில்லைக் கெடுக்க வந்த பெரிய மனுஷியாகத்தான் அவரைப் பார்த்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மிஸ்ஸின் வில்லில் கைப்பிடிக்குத் தோல் சுற்றியிருந்தது. நமக்கும் தோல்தான் என்றேன்.

"செருப்பை யாராச்சும் கையில புடிப்பாங்களா கண்ணு?" என்றார் அத்தை.

சொல்லிவிட்டுப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கத்திரிப்பூச் சேலையை எடுத்து, கரையை மட்டும் கிழித்தார். கணவர் வாங்கிக் கொடுத்த கடைசிச் சேலை அது. கிழிக்கும்போது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. ஒருவழியாக அது வெளியில் வந்ததே என்ற சந்தோஷம்தான் இருந்தது.

தாராபுரத்தார்

இந்த இழுபறிக்கு நடுவில் தாராபுரத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. அமராவதிப் பாசனத்தில் வயல். பையன் திருச்சியில் பி.ஏ. முடித்தவர். தை மாதம் கல்யாணம் வைக்க வேண்டும், பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது.

அந்தப் பரீட்சையை நான் எழுத விரும்பினேன். எங்கள் சொந்தத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் எழுதியதில்லை. என் நம்பர் பேப்பரில் வரும், அதை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுவார் என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு என்ன என்று யோசித்ததில்லை. அதுவரை போனால் போதும் என்றிருந்தது.

"பரீச்சை எழுதிப்போட்டு அப்பறம் கல்யாணம் வெச்சுக்கலாமுங்களாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஆகட்டும் கண்ணு," என்றார். தை மாதத்துக்குத் தாராபுரத்தாரிடமும் ஆகட்டுங்க என்று சொல்லியிருந்தார். அம்மாவிடம் போனேன். அம்மா உளுந்தை அரைத்துக்கொண்டே, "உங்கப்பா எனக்கும் ஆகட்டும்னுதான் சொன்னாரு," என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அப்போதுதான் போன வருஷம் நின்றுபோன காங்கேயம் வரன் ஞாபகத்துக்கு வந்தது. ஜாதகம் பொருந்தி, கோயிலில் பூப்போட்டுப் பார்த்து, சாமியும் சரி என்று சொல்லிவிட்டது. அவர்கள் வந்து உட்கார்ந்த நேரத்தில் மாடத்து விளக்கின் சிம்னிக் கண்ணாடி பட்டென்று வெடித்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். போயிட்டு வாரோமுங்க என்றார்கள். போனார்கள், வரவில்லை.

ஆக, ஏதாவது உடைந்தால் கல்யாணம் நிற்கும். ஆனால் நான் போட்டு உடைத்தால் பெண்ணுக்குக் கை சரியில்லை என்று என் தலையில் விடியும். அவர்கள் கையில் உடைய வேண்டும். விருந்தாளியை எதையாவது எடுத்துப் பார்க்கச் சொல்லி மூன்று முறை வற்புறுத்துவது எங்கள் வழக்கம். மூன்றாவது முறை மறுப்பது மரியாதை இல்லை.

மறுநாள் காலையில் அத்தையிடம் போனேன்.

"நீங்க சொன்னமாதிரியே வெச்சரலாமுங்க அத்தை. ஈட்டி உடலு, வெப்பாலைக் கரை."

அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். நிறம் தெரிந்த பிள்ளை என்றார்.

ஆசாரி அவ்வளவு சுலபமாக ஏமாறவில்லை.

"வெப்பாலையை உள்பக்கம் வெச்சாக் கொஞ்ச நாளைக்குத் தாங்குமுங்க அம்மணி."

"வெளிப்பக்கமே இருக்கட்டுங்க. கரைன்னா வெளிய தெரியோணுமல்லங்க?"

அவர் ஈட்டியையும் வெப்பாலையையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பாதிக்கு மேல இழுத்துப்போடாதீங்க," என்றார்.

"நான் இழுக்கமாட்டனுங்க," என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

உடைந்த விதம்

வில் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அத்தனை அழகான வில்லை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கறுஞ்சிவப்பு உடல், மாம்பழ மஞ்சளில் கரை, இரண்டு நுனியிலும் எருமைக் கொம்பில் கடைந்த கறுப்புக் குமிழ், நடுவில் கத்திரிப்பூப் பட்டு. பஞ்சு வியாபாரி வீட்டு வில்லுக்கு நார்க் கயிறா என்று கேட்டு, அப்பா பருத்தி நூலை முறுக்கி மெழுகு தேய்த்துக் கொடுத்திருந்தார். அத்தை அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இது முறியத்தான் போகிறது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

தாராபுரத்தார் வந்தார்கள். பையன், அவருடைய அப்பா அம்மா, இரண்டு உறவுக்காரர்கள். பையன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கூடத்து மேசையில், வெற்றிலைத் தட்டுக்கும் மைசூர்பாகுத் தட்டுக்கும் பக்கத்தில் வில் இருந்தது. மற்ற வீடுகளில் ஆர்மோனியம் இருக்கும் இடம் அது. அத்தை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றார்.

"பொண்ணு வில்லெல்லாம் வுடுமுங்களா?" என்றார் பையனின் அப்பா. கேட்ட விதத்தில் பாராட்டும் இருந்தது, பயமும் இருந்தது.

"பள்ளிக்கூடத்துல பழக்கறாங்க. மாப்பளை ஒருக்கா இழுத்துப் பாருங்க," என்றார் அப்பா.

"இருக்கட்டுங்க," என்றார் பையன்.

"சும்மா பாருங்க."

"பரவால்லீங்க."

"அட, கையில புடிச்சுத்தான் பாருங்க."

மூன்று ஆகிவிட்டது. எழுந்தார். ஒல்லியான மனிதர், வில்லைப் பிடித்த விதமே தப்பு. நாணைப் பாதிவரை இழுத்தார். நின்றார். அங்கேயே விட்டிருக்கலாம். வில்லை ஒருமுறை பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் தண்ணீர் இறைப்பவர் மாதிரி முழுப் பலத்தோடு இழுத்தார்.

மடேரென்று ஒரு சத்தம். மஞ்சள் கரை சிம்பு சிம்பாகப் பிளந்தது. ஒரு சிம்பு மைசூர்பாகுத் தட்டில் போய்க் குத்தி நின்றது. அது அவர் கண்ணில் குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று நான் யோசிக்கவே இல்லை. பதினாறு வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

சிம்னி வெடித்தபோது இருந்த அதே அமைதி. நான் தலையைக் குனிந்து, அவர்கள் காப்பி டம்ளரை எடுப்பதற்காகக் காத்திருந்தேன். பரீட்சைக்கு எந்தப் பாடத்திலிருந்து தொடங்கலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"வில்லை முறிச்சுப்போட்டாருங்க மாப்பளை. இன்னும் என்னங்க பேச்சு இருக்குது?"

உடைந்தால் நல்லது என்று நம் ஜனங்கள் கொண்டாடும் பொருள்கள் இந்த உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று தேங்காய். இன்னொன்று வில். வில்லை முறித்துப் பெண்ணைக் கைப்பிடித்த கதையைத் தொட்டிலில் கிடக்கும்போதே கேட்டு வளர்ந்தவள் நான். விளக்குச் சிம்னியை நினைத்துக்கொண்டு வில்லை மறந்துவிட்டேன்.

பையனின் அப்பா எழுந்து வந்து என் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பூப்போட்டுப் பார்க்க வேண்டாம், இதற்கு மேல் சாமி என்ன சொல்லப்போகிறது என்றார். அங்கேயே வெற்றிலை மாற்றினார்கள். பையனின் அம்மா என் தலையில் பூ வைத்தார். சுப காரியத்தில் முன்னால் வரக்கூடாத அத்தை, கதவுக்குப் பின்னால் நின்றபடியே என் கல்யாணத்தை நிச்சயம் பண்ணிவிட்டார். எனக்கு அழக்கூட வரவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பரீட்சை நடந்த நாட்களில் நான் தாராபுரத்தில் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு என்ன பாடம், இந்நேரம் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அந்த வருத்தம் ஆறிவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆறவில்லை.

பல்லடம் தாண்டி

பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் இருவரும் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போனோம். அதுவரை நாங்கள் அதிகம் பேசியதில்லை. கூட்டுக் குடும்பத்தில் அதற்கு இடமும் இல்லை. பல்லடம் தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்த வில்லு முன்னாடியே விரிசல் வுட்டிருந்துச்சா அம்மணி?"

"இல்லீங்க. வெப்பாலைங்க அது. அதை வெளிப்பக்கம் வெச்சா முறியுமுங்க."

"தெரிஞ்சேவா வெச்சீங்க?"

பஸ் குலுங்கியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காங்கேயம் வரன், சிம்னி, பரீட்சை எல்லாம். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மெட்ராஸ் போய் வக்கீலுக்குப் படிக்கோணும்னு இருந்துச்சு," என்றார். "கல்யாணம் வேண்டாம்னு எங்கய்யன்கிட்டச் சொல்ல முடியலை. பாதி இழுக்கறப்பவே அந்த மஞ்சள்ல கிரீச்னு ஒரு சத்தம் கேட்டுது. முறிஞ்சாச் சகுனத்தடைன்னு வுட்டுப்போட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அந்த இழுப்பு இழுத்தது."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நெல் களத்திலும் வராத அழுகை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் துண்டை எடுத்து நீட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

பின் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் எட்டி என் தோளைத் தட்டினார்.

"புதுப் பொண்ணா? அம்மா ஊட்டை நெனச்சு அழுவாத கண்ணு. ஆடிக்கு உன்ற மாப்பளை கூட்டியாருவாரு. ஏனுங்க தம்பி, கூட்டியாருவீங்கல்ல?"

அந்த பஸ் அப்போது என் அம்மா வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை அந்த அம்மாளிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"கண்டிப்பாக் கூட்டியாரனுங்க," என்றார் என் கணவர்.